மௌஸ் செய்யாத குற்றம்

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் அவ்வளவாக வழக்கத்தில் இல்லை. பிழை நம்மிடம் என்று தெரிந்தாலும், ஒரு துண்டு தொதலைக் கையில் கொடுத்து, தலையைத் தடவிவிட்டு, விடயத்தை அத்தோடு முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் 1998ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஒன்பது வயது மகனை எதிரே உட்கார வைத்து, வாய் திறந்து மன்னிப்புக் கேட்டேன். அதற்குக் காரணமாக இருந்தது ஒரு கணனியின் மௌஸ்.

சகோதரிகள் சிரிக்க வேண்டாம். கதையைக் கேளுங்கள்.

அந்த நாட்களில் என் கணவர் றியாத்தில் இருந்தார். அவர் வேலை செய்த கம்பனியில் நான்கைந்து மாதங்களாகச் சம்பளம் ஒழுங்காகக் கொடுபடவில்லை. கண்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் நானும், வாப்பாவும், இரண்டு பிள்ளைகளும். மூத்தவன் ஐந்தாம் வகுப்புக்குப் போகக் காத்திருந்தான். இளையவள் கைக்குழந்தை. உம்மா மௌத்தாகி இரண்டு வருடமாகியிருந்தது.

வீட்டை ஓட்டியது கணனிதான். அதற்கு முந்திய வருடம் என் கைக் காப்புகளில் நான்கை விற்று அதை வாங்கியிருந்தேன். "காப்பு வித்துக் கொம்பியூட்டர் வாங்கின ஒரே பொம்புள நீங்கதான்" என்று மாமி சொல்லிச் சொல்லிக் காட்டுவார். பாமினி எழுத்துருவில் தமிழ் அடிக்கப் பழகி, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப் பழகி, கலியாணக் கார்ட், கடைக் கைப்பிரதி, பாடசாலைச் சஞ்சிகை என்று வேலை வர ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றிலும் பெரிய வேலை தவணைப் பரீட்சை வினாத்தாள்கள். பக்கத்துப் பாடசாலை ஒன்று அந்தத் தவணைதான் முதல்முறையாக 14 வினாத்தாள்களை என்னிடம் தந்திருந்தது. திங்கட்கிழமை காலை மூலப் பிரதிகள் அதிபரின் மேசைக்குப் போகவேண்டும். அங்கே றோணியோவில் பிரதி எடுப்பார்கள். பிந்தினால் வேலை பழையபடி டவுன் அச்சகத்துக்குத்தான்.

இதற்கிடையில்தான் மொடெம் வந்தது. றியாத்துக்கு ஒரு தடவை டெலிபோன் பேசினால் அந்த மாதப் பில் கண்ணைக் குத்தும். கடிதம் போய்ச் சேர இரண்டு கிழமை. ஈமெயில் என்றால் உள்ளூர் அழைப்புக் காசோடு போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை காலை கணனிப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், டவுனில் ஒரு கடையில் மொடெம் அட்டை ஒன்றை உள்ளே பூட்டிக்கொண்டு வந்தோம். கடைப் பையன் ஈமெயில் செயலியையும் போட்டு, கணனியைத் திறந்ததும் அது தானே திறக்கும்படியும், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானே டெலிபோன் எடுத்துக் கடிதம் பார்க்கும்படியும் அமைத்துத் தந்தான். மொடெம் டயல் செய்யும்போது கீச்சென்று கத்துமே, அந்தச் சத்தத்தை நிறுத்தித் தரச் சொன்னது நான்தான். கைக்குழந்தை முழித்துக்கொள்ளும் என்ற பயம். அப்படிச் செய்ததில் இரண்டு நாள் அலைச்சலை நானே விலை கொடுத்து வாங்கினேன் என்பது பிறகுதான் விளங்கியது.

வியாழன் இரவு வினாத்தாள் அடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று மௌஸ் நின்றது. திரையில் அம்பு அப்படியே உறைந்துபோனது. மௌஸை மேசையில் இப்படி அப்படி தேய்க்கிறேன், அம்பு அசையவில்லை. விசைப்பலகை மட்டும் வேலை செய்தது. அந்த மட்டில் நல்லது என்று கொன்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்தி வேலையைச் சேமித்துவிட்டுக் கணனியை மூடித் திறந்தேன். மௌஸ் சுகமாக ஓடியது. களைத்துப்போயிருந்தேன், அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அதே கதை. அந்தக் காலத்து மௌஸுக்கு வயிற்றில் ஒரு றப்பர் உருண்டை இருக்கும். உருண்டை உருள, உள்ளே இரண்டு சின்னத் தண்டுகள் சுழலும். ஒன்று இடம் வலமாகவும் மற்றது மேல் கீழாகவும் அம்பை நகர்த்தும். அந்தத் தண்டுகளில் தூசி சுற்றி, கரிய வளையம் மாதிரிப் படிந்தால் அம்பு தடுக்கித் தடுக்கிப் போகும். அடியிலிருந்த மூடியைத் திருப்பி, உருண்டையை எடுத்துக் கழுவித் துடைத்து, தண்டுகளை ஒரு ஈர்க்கில் நுனியால் சுரண்டிச் சுத்தம் செய்தேன். பூட்டினேன். நன்றாக ஓடியது. அரை மணித்தியாலத்தில் மறுபடி நின்றது.

அன்று ஜும்ஆவுக்குப் பிறகு நான் சமையலறையில் நிற்கும்போது மகன் கணனியில் சீட்டு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். "உம்மா, மௌஸ் நின்டிட்டு!" என்று கூப்பிட்டான். எனக்குத் தலைக்கு மேல் கோபம். இரண்டு நாளாக நான் இல்லாத நேரமெல்லாம் இவன்தான் இதைப் போட்டு உடைக்கிறான் என்று மனதில் ஒரே முடிவு. நன்றாக ஏசினேன். அவன், "நான் ஒன்டும் செய்யல்ல உம்மா, அது தானாத்தான் நின்ட" என்றான். பொய் வேறு சொல்கிறாயா என்று கையில் ஓர் அடியும் வைத்தேன். அவன் அழவில்லை. பேசாமல் எழுந்து போய், வாப்பாவின் கதிரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். இராச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

சனிக்கிழமை காலை, அயல்வீட்டு ஆசிரியையிடம் அவருடைய மௌஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். அதுவும் நின்றது. அப்போதே எனக்கு ஒன்று விளங்கியிருக்க வேண்டும். இரண்டு மௌஸும் ஒரே மாதிரி ஒரே நேரத்தில் பழுதாகாது. ஆகவே குற்றம் மௌஸில் இல்லை, மகனிலும் இல்லை. ஆனால் கோபம் உள்ள இடத்தில் கணக்கு ஓடாது. கடைக்கு டெலிபோன் எடுத்தேன். பெட்டியைத் திறந்தும் பார்க்காமலே, "மதர்போட் பழுது போல. மாத்தத்தான் வேணும். 12,000 ரூபா வரும். திங்கட்கிழமை கொண்டு வாங்க" என்றார்கள். நான் டெலிபோனை வைத்துவிட்டு, கையில் மிச்சமிருந்த இரண்டு காப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தபால் கந்தோரில் டெலிபோன் ஒப்பரேட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கைப்பிடியைச் சுற்றினால் மணி அடிக்கும் காலத்து எக்ஸ்சேஞ்சில் தொடங்கியவர். எங்கள் வீட்டில் விரலால் சுற்றி டயல் பண்ணும் கறுத்த டெலிபோன் இருந்தது. அது வாப்பாவின் கதிரைக்குப் பக்கத்துச் சின்ன மேசையில். கணனி மற்ற அறையில்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தேன். மௌஸ் நின்றது. நான் பெருமூச்சு விட்டது மற்ற அறைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"மகள், இப்ப நின்டதா?" என்று வாப்பா கேட்டார்.

"ஓம் வாப்பா."

"இங்க டெலிபோன் மணி 'டிங் டிங்' என்டு லேசாச் சிணுங்கின. அது அழைப்பு மணி இல்ல. இதே லைன்ல வேற யாரோ நம்பர் சுத்தினா இப்படித்தான் சிணுங்கும். நேத்தும் நாலஞ்சு தரம் கேட்ட. வீட்டுல யாரு நம்பர் சுத்துற?"

நான் அப்படியே திகைத்துவிட்டேன். நம்பர் சுத்துவது மொடெம்! சத்தத்தை நிறுத்தி வைத்ததால் எனக்கு அது கேட்கவில்லை. அதே லைனில் இருந்த பழைய டெலிபோனின் மணி அதை மறைக்கவில்லை. மௌஸ் நிற்கும்போதெல்லாம் திரை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி தோன்றுவது எனக்கு ஞாபகம் வந்தது. மௌஸ் நின்றதால் வருகிற அறிவித்தல் என்று நினைத்து, அதில் எழுதியிருப்பதை ஒருநாளும் வாசிக்கவில்லை. டயல் செய்கிறேன் என்றுதான் அது மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. விளைவு என்று நான் எண்ணியதுதான் காரணம்.

வாப்பா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் கணனியைத் திறந்துவிட்டு மௌஸைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். அரை மணித்தியாலம் ஆனது. "இப்ப!" என்றார் வாப்பா. அதே நொடியில் என் கைக்குள் மௌஸ் செத்தது.

மொடெம் அட்டையோடு வந்த சின்னப் புத்தகத்தை அன்று இரவுதான் எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த அட்டவணையையும் விண்டோஸ் 95 காட்டிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விடயம் விளங்கியது. அதை வாப்பாவுக்குச் சொன்னேன். அவர் அதை எனக்குத் திருப்பி விளங்கப்படுத்தினார். அவர் சொன்ன விதம்தான் இன்றுவரை மறக்காமல் இருக்கிறது.

கணனியின் மூளை எந்நேரமும் ஏதாவது வேலையில் இருக்கும். விசைப்பலகைக்கோ மௌஸுக்கோ ஏதாவது சொல்ல இருந்தால், அது மூளைக்கு மணி அடிக்க வேண்டும். அந்த மணிக்கு ஐ.ஆர்.கியூ. என்று பெயர். அந்தக் காலத்துக் கணனிகளில் 0 முதல் 15 வரை மொத்தம் 16 மணிகள்தான். விசைப்பலகைக்கு 1. ப்ளொப்பி டிஸ்க்குக்கு 6. பிரின்டருக்கு 7. மௌஸ், மொடெம் முதலியவை மாட்டும் தொடர் வாயில்களுக்குக் கொம் 1, கொம் 2, கொம் 3, கொம் 4 என்று பெயர். வாயில் நான்கு இருந்தாலும் மணி இரண்டுதான். கொம் 1க்கும் கொம் 3க்கும் சேர்த்து 4ஆம் மணி. கொம் 2க்கும் கொம் 4க்கும் சேர்த்து 3ஆம் மணி. என் மௌஸ் இருந்தது கொம் 1இல். கடையில் மொடெத்தைப் பூட்டியது கொம் 3இல். இரண்டும் 4ஆம் மணியில்.

வாப்பா சொன்னார்: "எங்கட பழைய போர்ட்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன மூடி ஈக்கும். அந்த வீட்டுல கைப்பிடியச் சுத்தினா அந்த மூடி விழும். நாங்க அந்த ஓட்டையில கயித்தச் செருகிப் பேசுவோம். ஒரு ஊர்ல லைன் வேல செஞ்சவங்க பிழையா ரெண்டு வீட்ட ஒரே மூடிக்குக் கட்டிட்டாங்க. ஒன்டு டொக்டர் வீடு, மத்தது அரிசி மில். ஒராள் மட்டும் பேசுற வரைக்கும் பிரச்சின தெரியல்ல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சுத்தினா, மூடி விழுந்தது யாருக்காக என்டு எனக்கு எப்படித் தெரியும்? ஒராளுக்குப் பதில் சொல்லுவேன். மத்தவர் கைப்பிடியச் சுத்திச் சுத்திக் கை நோவும். டொக்டர்ட டெலிபோன் பழுது என்டு அதக் கழட்டிக்கொண்டு போனாங்க. டெலிபோன்ல ஒரு குறையும் இல்ல."

அதுதான் நடந்தது. மொடெம் சும்மா இருக்கும் வரை 4ஆம் மணி மௌஸுக்குச் சொந்தம். மொடெம் எழும்பி டயல் செய்யத் தொடங்கியதும் மணியைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும். மௌஸ் மணி அடித்துக்கொண்டே இருக்கும், கேட்பதற்கு ஆளில்லை. விசைப்பலகை நிற்காததன் காரணமும் அதுதான். அதற்கு வேறு மணி. கணனியை மூடித் திறந்தால் மௌஸ் முதலில் எழும்பித் தன் மணியைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த அரை மணித்தியாலம் வரை.

பேராதனையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த சாச்சாவின் மகனுக்கு ஞாயிறு காலை டெலிபோன் எடுத்தேன். "தாத்தா, நீங்க கண்டு பிடிச்சது சரி. மொடெத்தக் கொம் 2க்கு மாத்துங்கோ. அது 3ஆம் மணி. ஆனா பலகையில ஏற்கெனவே ஒரு கொம் 2 ஈக்கும். அத நீங்க பாவிக்கிறதில்லதானே? பயோஸ்ல போய் அத மூடிட்டுச் செய்யுங்கோ. இல்லாட்டி அதோட சண்ட பிடிக்கும்" என்றான்.

கணனிப் பெட்டியை அதுவரை நான் திறந்ததில்லை. வாப்பா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து மூன்று கட்டளை இட்டார். ஒன்று, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்று, டெலிபோன் வயரையும் கழற்று. இரண்டு, அட்டையைத் தொடுமுன் பெட்டியின் தகரத்தைத் தொடு, உடம்பில் உள்ள மின்சாரம் அதில் இறங்கட்டும். மூன்று, எதை மாற்றுமுன்னும் இப்போது எப்படி இருக்கிறது என்று கடுதாசியில் படம் கீறி வை. இந்த மூன்றாவது கட்டளையை நான் பிறகு சமையலிலும் தையலிலும்கூடக் கடைப்பிடித்திருக்கிறேன்.

மொடெம் அட்டையில் சின்னச் சின்னக் கம்பி முனைகள். அவற்றின் மேல் நெல்மணி அளவு கறுத்த தொப்பிகள். அவற்றுக்கு ஜம்பர் என்று பெயர். புத்தக அட்டவணைப்படி எந்த முனையில் தொப்பி போட்டால் எந்தக் கொம், எந்த மணி என்று இருந்தது. விரலுக்கு அகப்படாததால் முள் எடுக்கும் சாவணத்தால் தொப்பிகளைக் கழற்றி, கொம் 2, மணி 3 என்று மாற்றிப் போட்டேன். கை நடுங்கியதை மறைக்கவில்லை. அட்டையை இருந்த இடத்தில் நன்றாக அழுத்திப் பூட்டி, ஆணியை முறுக்கினேன். கணனி எழும்பும்போது டிலீட் விசையை அழுத்திக்கொண்டிருந்து பயோஸுக்குள் போய், பலகையிலுள்ள இரண்டாவது தொடர் வாயிலை மூடினேன். விண்டோஸில் பழைய மொடெத்தை அழித்துவிட்டு மறுபடி தேடச் சொன்னேன். கொம் 2இல் கண்டுபிடித்தது.

இந்தமுறை மொடெத்தின் சத்தத்தைத் திறந்துவிட்டேன். குழந்தை முழித்தால் முழிக்கட்டும். டயல் செய்யச் சொன்னேன். கீச்சென்று கத்தத் தொடங்கியது. வாப்பாவின் பக்கத்து டெலிபோன் சிணுங்கியது. நான் மௌஸை மெல்ல நகர்த்தினேன். அம்பு நகர்ந்தது. மொடெம் கத்தக் கத்த அம்பு ஓடியது. குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. நானும் அழுதேன் என்றே நினைக்கிறேன். மூன்று நாளாகக் கதவடியில் காத்து நின்ற கடிதம் ஒன்று உள்ளே வந்தது. "பிள்ளைகள் சுகமா? மகன் நல்லாப் படிக்கிறானா?" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார் அவர்.

அதை வாசித்ததும்தான் எழும்பிப் போய் மகனைத் தேடினேன். அவனை எதிரே உட்கார வைத்து, "மகன், நீங்க மௌஸ உடைக்கல்ல. பொய்யும் சொல்லல்ல. உம்மா விசாரிக்காம அடிச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்கோ" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப குத்தம் யார்ட உம்மா?" என்று கேட்டான். யாருடையதும் இல்லை, இரண்டு பேருக்கு ஒரே மணியைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். "அப்ப மௌஸ்ட்டயும் மன்னிப்புக் கேளுங்கோ" என்றான். வாப்பா மற்ற அறையிலிருந்து சிரித்தது கேட்டது.

அன்று இரவு சுபஹு வரை இருந்து மிச்ச வினாத்தாள்களை முடித்தேன். திங்கட்கிழமை 14உம் அதிபரின் மேசைக்குப் போயின. அடுத்த ஆறு வருடம் அந்தப் பாடசாலையின் வேலை என்னிடமே வந்தது. கடைக்காரரோடு சண்டைக்குப் போகவில்லை. மதர்போட் பழுதில்லை, இன்னின்ன மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அரை மணிக்கு ஒருமுறை டயல் செய்யும் ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டேன். டெலிபோன் பில்லைப் பார்த்த வாப்பாவின் உத்தரவு அது.

இன்றைக்கு அந்தக் கணனியும் இல்லை, வாப்பாவும் இல்லை. தொடர் வாயில் மௌஸ் எங்கள் வீட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கிறது. இந்தக் காலத்துக் கணனிகள் மணிகளைத் தாமே பங்கிட்டுக்கொள்கின்றன. ஜம்பர் தொப்பி என்றால் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனாலும் புதிதாக ஒன்றை மாட்டியதும் பழையதொன்று சண்டித்தனம் பண்ணுவது நின்றுவிடவில்லை.

2023இல் ஒருநாள் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அதே மகன், இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மடிக்கணனியில் பாடம் செய்துகொண்டிருந்த பேத்தியின் வயர் இல்லாத மௌஸ் தத்தித் தத்திப் பாய்ந்தது. "எத்தின தரம் சொல்லீக்கி, கீழ போடாத என்டு!" என்று மகன் குரலை உயர்த்தினான். பேத்தி, "நான் போடல்ல வாப்பா" என்றாள். எனக்கு அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரல்.

"மகன், கொஞ்சம் பொறுங்கோ. இதுல புதுசா என்னத்த மாட்டின?" என்று கேட்டேன்.

முதல்நாள்தான் போட்டோக்களைச் சேமிக்க ஒரு வெளி டிஸ்க் வாங்கி மாட்டியிருந்தான். நீல நிற யூ.எஸ்.பி. வாயிலில் டிஸ்க். அதற்கு ஒட்டினாற்போலப் பக்கத்து வாயிலில் மௌஸின் சின்னக் குமிழ். யூ.எஸ்.பி. 3 வகை வாயிலும் வயரும் வேகமாக வேலை செய்யும்போது சுற்றிலும் ஒரு வானொலி இரைச்சலை எழுப்பும். அந்த இரைச்சல், வயர் இல்லாத மௌஸ்கள் பேசும் 2.4 கிகா ஹேர்ட்ஸ் அலைவரிசையிலும் விழும். இதை இன்டெல் கம்பனியே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டிஸ்க் எழுதும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் குமிழுக்கு மௌஸின் மெல்லிய குரல் கேட்காது. குமிழை எடுத்து மற்றப் பக்கத்து வாயிலில் போட்டோம். மௌஸ் ஒழுங்காக ஓடியது. மற்றப் பக்கம் வாயில் இல்லாதவர்கள் ஒரு சின்ன நீட்டு வயரில் குமிழைத் தள்ளி வைத்தாலும் போதும்.

மகன் என்னைப் பார்த்தான். பிறகு மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ மெதுவாகச் சொன்னான். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை.

வீட்டில் கணனி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை. புதிதாக ஒன்றை மாட்டிய பிறகு மௌஸ் சண்டித்தனம் பண்ணினால், முதலில் புதிதாக வந்ததைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நோய் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியை இழுத்துத் திறக்கும்போது மௌஸின் வயர் அரைகுறையாகக் கழன்றிருக்கவும் கூடும், அதையும் பாருங்கள். வட்டப் பிளக் உள்ள பழைய கணனி என்றால் பச்சை நிறம் மௌஸுக்கு, ஊதா நிறம் விசைப்பலகைக்கு. இரண்டும் மாறிப் போயிருக்கலாம். அவற்றைக் கணனியை மூடிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அயலில் ஒரு மௌஸை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதுவும் நின்றால் குற்றம் வேறிடத்தில். மௌஸ் இல்லாவிட்டால் கை கட்டிப் போய்விடாது. கொன்ட்ரோலும் எஸ்ஸும் வேலையைச் சேமிக்கும், ஓல்ட்டும் டாப்பும் ஒரு செயலியிலிருந்து மற்றதற்குப் போகும். விண்டோஸில் இடப்பக்கத்து ஓல்ட், இடப்பக்கத்து ஷிஃப்ட், நம்லொக் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால், கேட்கும் கேள்விக்குச் சம்மதம் சொன்னதும் எண் விசைகளாலேயே அம்பை நகர்த்தலாம். திரையில் என்ன பெட்டி வந்தாலும் மூடுமுன் ஒருமுறை வாசியுங்கள். பெட்டியைத் திறந்தும் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் அவசரப்பட்டுக் காசைக் கொடுக்காதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் மேல் கை வைக்காதீர்கள். பழுது நடந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றது மட்டும்தான் பல வேளைகளில் அவன் செய்த குற்றம். மௌஸும் அப்படித்தான். பாவம், அது மூன்று நாளாக மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.